ஜார்ஜ் டவுனில் ஒரு சதுர கிலோமீட்டரை நடந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்னைப் பெருநகருக்கு 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாம் முழுமைத் திட்டம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். மெட்ரோ, பேருந்து, நடைபாதை, பார்க்கிங் என்று நிறைய எழுதுகிறீர்கள். சரக்கைப் பற்றி ஒரு வரியாவது இருக்குமா என்று தேடுவேன். இருந்தால் அது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியைப் பற்றியதாக இருக்கும். கன்டெய்னருக்காகப் பேச ஆள் இருக்கிறது. கடைக்கு வந்து சேருகிற மூட்டைக்கும் பண்டலுக்கும் அட்டைப்பெட்டிக்கும் யாரும் பேசிப் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1986-இல், சென்னையின் பழைய வணிகப் பகுதியான ஜார்ஜ் டவுனில், வால்டாக்ஸ் சாலைப் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் டெலிவரி கிளார்க்காகச் சேர்ந்தேன். 2019-இல் ஓய்வு பெற்றேன். லாரியில் வந்த சரக்கை எந்தப் பார்ட்டிக்கு, எந்த வண்டியில், எத்தனை மணிக்கு அனுப்பினோம், வண்டி எப்போது திரும்பியது என்று நோட்டில் எழுதுவது என் வேலை. முதலாளி கேட்டது எல்.ஆர். (லாரி ரசீது) நம்பரும் கையெழுத்தும்தான். நேரத்தை எழுதியது என் பழக்கம்.

சூரத்தில் ஒரு சேலை பேல், அதாவது இறுக்கிக் கட்டிய மூட்டை, லாரியில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதே எல்.ஆர். போட்டாகிவிடும். அனுப்பியவர் யார், வாங்குகிறவர் யார், எத்தனை கிலோ, லாரி வாடகை டூ பேயா (வாங்குகிறவர் கட்டுவதா) பெய்டா (அனுப்பியவர் கட்டிவிட்டாரா), எல்லாம் அதில் உண்டு. 2018-லிருந்து, சரக்கு கிளம்பும் முன் ஜி.எஸ்.டி. தளத்தில் போடுகிற இ-வே பில்லும் சேர்ந்துகொண்டது. 2021-லிருந்து சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவாகிறது. அந்த பேல் மாதவரம் வந்து இறங்கும்வரை அது எங்கே இருக்கிறது என்று டெல்லியில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் சொல்லிவிடலாம். பகலில் பெரிய லாரி ஊருக்குள் வரக் கூடாது என்பதால் மாதவரத்திலோ செங்குன்றத்திலோ இறக்கிக் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் மாற்றுவார்கள். குட்டியானை எங்கள் ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து போடும். அதற்குப் பிறகு அந்த பேல் அரசாங்கத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கு 1 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இ-வே பில் வேண்டாம். காலால் மிதித்துப் போகிற வண்டிக்கு மதிப்பு எவ்வளவு இருந்தாலும் வேண்டாம். சின்ன வியாபாரியை அலைக்கழிக்கக் கூடாது என்று வைத்த விதி, நல்ல விதிதான். ஆனால் பாதி ஜார்ஜ் டவுன் அந்த மிதிவண்டியில்தான் ஓடுகிறது.

அந்த மறைந்துபோன தூரத்தை ஒரே ஒரு டெலிவரியில் காட்டுகிறேன். காலை பத்தேகால். குடோன் தெருவில் இரண்டாவது மாடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆறு பேல். ஒவ்வொன்றும் எழுபது கிலோவுக்குக் குறையாது. சணல் சாக்கில் தைத்து, இரும்புப் பட்டை கட்டி, மேலே கறுப்பு மையில் டைமண்டுக்குள் இரண்டு எழுத்து மார்க்கா. ட்ரை சைக்கிள் மாரியண்ணனுடையது. எங்கள் ஆபீசுக்கு அவர் 28 வருடம் வண்டி ஓட்டினார். தெருவுக்குள் அப்போதே ஸ்கூட்டர்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் என்.எஸ்.சி. போஸ் சாலை முனையில், முன்சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பின்னால் வருகிறவனுக்கு வழி விட்டு நிறுத்துவார். கயிற்றை முழுக்க அவிழ்க்க மாட்டார். ஒரு முடிச்சு, ஒரு பேல்.

லோடுமேன் துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக் குனிவார். மாரியண்ணன் கொக்கியைப் போட்டு இழுத்து முதுகில் ஏற்றுவார். தெருவுக்குள் ஐம்பது அறுபது அடி. பிறகு மாடிப்படி. இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாத அகலம். படி திரும்புகிற இடத்தில் பேலைப் படுக்கவைத்துத் திருப்ப முடியாது. நிமிர்த்தித்தான் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் மேலிருந்து வாடிக்கையாளர் யாராவது இறங்கினால் லோடுமேன் எழுபது கிலோவோடு சுவரில் சாய்ந்து நிற்பார். ஒரு நடைக்கு ஏழு நிமிடம். ஆறு பேலுக்கு முக்கால் மணி நேரத்தைத் தொட்டுவிடும். அதுவரை மாரியண்ணன் வண்டியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் சரக்குக்கு அவர் பொறுப்பு. போலீஸ்காரர் வந்து வண்டியைத் தள்ளச் சொன்னால், மேலே ஒரு பேல், படியில் ஒரு பேல், வண்டியில் நாலு பேல் என்று எங்கே தள்ளுவது? எத்தனையோ நாள் இந்தக் கேள்வியோடுதான் அவர் ஆபீசுக்குத் திரும்பி வந்தார்.

மாரியண்ணன் தலைக்குள் ஒரு கடிகாரமும் ஒரு வரைபடமும் இருந்தன. குடோன் தெருவுக்குப் பத்தரைக்கு முன் போய்விட வேண்டும். தேவராஜ முதலி தெருவுக்குக் கண்ணாடிப் பெட்டி என்றால் விடிகாலை, வேறு பேச்சே இல்லை. ஆண்டர்சன் தெருவுக்குக் காகித ரீம் மதியம் போனாலும் இறக்கிவிடலாம். மண்ணடிப் பக்கம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இரண்டு மணிக்குமேல். அமாவாசைக்கு முந்தின நாளே லோடு தீர்த்துவிட வேண்டும். புரட்டாசியில் திருப்பதி குடை ஊர்வலம் என்.எஸ்.சி. போஸ் சாலையில் கிளம்பி யானைகவுனி தாண்டுகிற அன்று பகல் முழுக்க வண்டியை எடுக்கவே மாட்டார். மறுநாளைக்கும் சேர்த்து அதற்கு முந்தின இரவே ஓட்டுவார். யானைகவுனி மேம்பாலம் பல வருடம் மூடிக்கிடந்ததே, அப்போது சூளைக்கும் வேப்பேரிக்கும் போக வேண்டிய சரக்கெல்லாம் சென்ட்ரல் வழியாகவோ பேசின் பாலம் வழியாகவோ சுற்றிப்போனது. காரில் சுற்றுகிறவருக்குக் கொஞ்சம் பெட்ரோல். மிதிக்கிறவருக்கு அது நாளில் ஒரு நடை குறைவு, அந்த நடையின் கூலி குறைவு. எத்தனை ட்ரை சைக்கிள் அந்தப் பாலத்தில் போய்வந்தது என்று மூடும் முன் யாராவது எண்ணினார்களா? எங்கள் ஆபீசுக்கு வந்து யாரும் கேட்கவில்லை.

எண்ணவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வால்டாக்ஸ் சாலை முனையில் இளம்பிள்ளைகள் சிலர் நாற்காலி போட்டு உட்கார்ந்து போகிற வண்டிகளை எண்ணியதை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை டீ வாங்கிக்கொடுத்துத் தாளைப் பார்த்தேன். கார், பஸ், லாரி, இருசக்கரம் என்று கட்டங்கள். ட்ரை சைக்கிளை எங்கே போடுகிறாய் தம்பி என்று கேட்டேன். ‘மெதுவாகப் போகும் மற்றவை’ என்ற கட்டத்தைக் காட்டினான். அதில் என்ன சரக்கு, எங்கே போகிறது என்பதற்குத் தாளில் இடம் இல்லை. அது அந்தப் பையன் தவறில்லை.

நகரத் திட்டமிடல் படித்த என் மகள் பிறகு ஓர் அட்டவணையைக் காட்டினாள். ஊர்ப்புறச் சாலைகளுக்காக, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்டது. சாலையில் ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று அதில் இருக்கிறது. லாரி என்றால் 3 கார். சைக்கிள் ரிக்‌ஷா 2. கைவண்டி 3. மாட்டுவண்டி 8. சாலையின் கொள்ளளவைக் கணக்குப் போட அது தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பார்த்ததும் மனசுக்கு வலித்தது. கைவண்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கணக்கு இருக்கிறது. அது எத்தனை கடையைத் திறந்துவைக்கிறது என்று கணக்கு இல்லை. அந்த ஒரு கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு மாரியண்ணன் வெறும் இடைஞ்சலாகத்தான் தெரிவார்.

தெரியாமல் நகர்த்தினால் என்ன ஆகும் என்று இந்த ஊர் ஒரு தடவை கடுமையாகப் பார்த்துவிட்டது. கொத்தவால்சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. நெரிசல் குறைய வேண்டும் என்பது நியாயம். காய்கறி லாரி போனது. ஆனால் கொத்தவால்சாவடியை நம்பிப் பக்கத்துத் தெருக்களில் குடியிருந்த லோடுமேன்கள் எத்தனை பேர், அவர்கள் விடிகாலை இரண்டு மணிக்குக் கோயம்பேட்டுக்கு எப்படிப் போவார்கள் என்பதை யாரும் முன்கூட்டி யோசித்ததாக எனக்கு நினைவில்லை. போகிற லாரியில் தொற்றிக்கொண்டு போனார்கள். சிலர் அங்கேயே கடை வாசலில் படுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் 24 வருடம் கழித்து, 2020 மே மாதம், கோயம்பேட்டில் கொரோனா பரவியது. மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். அதற்குள் அங்கே வேலை செய்தவர்கள் சொந்த ஊருக்குப் போய், கடலூரிலும் அரியலூரிலும் விழுப்புரத்திலும் தொற்று ஏறிவிட்டது. யார் வந்தார், எந்த லாரி எங்கே போனது, எந்தச் சின்னக் கடைக்காரர் அன்று காய் எடுத்தார் என்று ஊர் ஊராகத் தேட வேண்டி வந்தது. காய்கறியைத் திருமழிசைக்கும் பூவையும் பழத்தையும் மாதவரத்துக்கும் மாற்றினார்கள். சென்னைக்குச் சோறு எந்த வழியாக வருகிறது என்று அரசாங்கம் விழுந்தடித்துக்கொண்டு தேடியது அந்தச் சில வாரங்களில்தான். செப்டம்பரில் கோயம்பேடு திறந்தது. அந்தத் தேடலில் கிடைத்ததை ஒரு வரைபடமாகப் போட்டு மக்கள் பார்வைக்கு வைத்திருக்கலாம். அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பிரான்சில் 1990-களிலேயே போர்தோ, மார்செய், திஜோன் நகரங்களில் வண்டியை எண்ணுவதை விட்டுவிட்டு டெலிவரியை எண்ணியிருக்கிறார்கள். கடைக்காரரிடமும் கேட்டார்கள், வண்டியோட்டியிடமும் கேட்டார்கள். வாரத்துக்கு எத்தனை தடவை சரக்கு வருகிறது, எத்தனை தடவை போகிறது, எந்த வண்டியில், எங்கே நிறுத்தி இறக்கினாய் என்று. ஒரு கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் வாரத்துக்கு அங்கே எத்தனை டெலிவரி நடக்கும் என்று சுமாராகச் சொல்லலாம் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். இதைத்தான் நானும் நோட்டைப் பார்த்துச் சொல்வேன். எந்தப் பார்ட்டிக்கு வாரம் எத்தனை நடை என்று.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி போனார்கள். ஆட்களை நடக்கவிட்டு, நகர மையத்தின் சந்துகளையும் சரக்கு இறக்கும் இடங்களையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அங்கே 87 சதவீதக் கட்டடங்களுக்குத் தெருவோரத்தையும் சந்துகளையும் விட்டால் சரக்கு இறக்க வேறு வழி இல்லை என்று தெரியவந்தது. அதோடு நிறுத்தவில்லை. வண்டி நின்ற பிறகு நடக்கும் கடைசி 50 அடிதான் விஷயம் என்று, 62 மாடி நகராட்சிக் கட்டடத்துக்குள் டெலிவரி ஆட்களின் பின்னாலேயே போய், வாசலில் எவ்வளவு நேரம், லிஃப்டுக்கு எவ்வளவு நேரம், ஆளைத் தேட எவ்வளவு நேரம் என்று குறித்திருக்கிறார்கள். மகள் இதைச் சொன்னபோது எனக்குக் குடோன் தெரு மாடிப்படித் திருப்பம் கண்ணில் வந்து நின்றது.

இந்த எல்லாவற்றிலும் நமக்குப் பொருந்துவது ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) ஒரு குழு, மெக்சிகோ சிட்டி, ரியோ டி ஜெனிரோ போன்ற பெரிய ஊர்களில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டது. அந்த ஊர் மாணவர்களே தெருத்தெருவாக நடந்தார்கள். எத்தனை கடை, என்ன கடை, எங்கே வண்டி நிறுத்தலாம், எத்தனை மணிக்கு எது நிற்கிறது, எவ்வளவு நேரம் இறக்குகிறது என்று எழுதினார்கள். பெட்டிக்கடையைக்கூட விடவில்லை.

சென்னைப் பெருநகரின் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்துவிட்டது. அத்தனைக்கும் நான் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று போதும். தெற்கே என்.எஸ்.சி. போஸ் சாலை, மேற்கே வால்டாக்ஸ் சாலை, கிழக்கே பிராட்வே, வடக்கே பழைய ஜெயில் ரோடு. ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர்தான் வரும். பெயர்களைப் பாருங்கள்: குடோன் தெரு, தங்கசாலை, பிராட்வேக்கு அந்தப் பக்கம் பவழக்காரத் தெரு. அந்தக் காலத்தில் சரக்கைப் பார்த்துத்தான் தெருவுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இன்று அந்தத் தெருவுக்குள் என்ன வருகிறது என்று நமக்குத் தெரியவில்லை.

நடக்கிறவர்கள் காலை ஐந்து மணிக்கு நடக்க வேண்டும், இரவு பதினொன்றுக்கும் நடக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும் வந்து பார்த்துவிட்டு ‘ஆக்கிரமிப்பு’ என்று எழுதக் கூடாது. ட்ரை சைக்கிள் நிற்கும் இடம், குட்டியானை நிற்கும் இடம், லோடுமேன் உட்காரும் திண்ணை, எந்த மாடியில் லிஃப்ட் இல்லை, எந்தப் படி எத்தனை அடி அகலம், காலி அட்டையும் சாக்கும் எந்த வழியாக வெளியே போகின்றன, எல்லாம் வேண்டும். ஆடி மாதம் ஒரு தடவை, தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு தடவை. இரண்டும் வேறு வேறு ஊர் மாதிரி இருக்கும்.

வண்டிக்காரர்களையும் லோடுமேன்களையும் கேட்டுத்தான் இதைப் போட முடியும். அதற்குக் கூலி கொடுத்துக் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் பேசினால் அவர்களுக்கு ஒரு நடை போய்விடும். இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்குக் கவலை. அவர்கள் பயப்படுவார்கள். இங்கேதான் வண்டி நிறுத்துகிறேன் என்று சொன்னால் நாளைக்கே அங்கே சங்கிலி போட்டுவிடுவார்கள் என்று நினைப்பார்கள். மோட்டார் பூட்டிய மூன்று சக்கர மீன்பாடி வண்டி வைத்திருக்கிறவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அந்த வண்டிக்குப் பதிவெண் இல்லை, பிரேக் சரியில்லை, என் கண் முன்னாலேயே ஒரு கிழவியை இடித்திருக்கிறது. அது ஓடட்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அதைப் பிடுங்கிவிட்டால் அந்த 400 கிலோ எதில் போகும் என்று தெரிந்துகொண்டு பிடுங்குங்கள். பேட்டரியில் ஓடுகிற சரக்கு ஆட்டோவுக்குக் கடன் கொடுக்கலாம். எத்தனை பேருக்கு என்று எண்ணினால்தானே கொடுக்க முடியும்? எழுதி வாங்கும் விவரத்தை வைத்து ஒருவர் வண்டியையும் பறிமுதல் செய்வதில்லை என்று மாநகராட்சியும் காவல்துறையும் எழுத்தில் கொடுத்தால் பேசுவார்கள்.

பெரம்பூரில் என் வீட்டுத் தெருவிலும் இப்போது பத்து நிமிட டெலிவரிப் பையன்கள் பறக்கிறார்கள். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கிடங்காக மாற்றியிருக்கிறார்கள். வாசலில் எப்போதும் இருபது பைக். அவர்கள் போகும் வழி முழுக்கக் கம்பெனி கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஊருக்குத்தான் கையில் இல்லை. மாரியண்ணன் தலைக்குள் இருந்தது மாதிரியே அதுவும் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்காக அண்ணா நகரில் மாநகராட்சி ஏ.சி. ஓய்விடம் கட்டியது எனக்கு மெத்தச் சந்தோஷம். வால்டாக்ஸ் சாலையில் ஒரு குடிநீர்க் குழாயும் கழிவறையும் லோடுமேன்களுக்கு எங்கே வேண்டும் என்று, இந்த ஒரு சதுர கிலோமீட்டரை நடந்தால் தெரிந்துவிடும்.

பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும், பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவுக்கும் தங்கள் நாளிதழ் மூலம் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொள்கிறேன். ஓய்வு பெற்றபோது என் டெலிவரி நோட்டுகளை எடைக்குப் போட இருந்தார்கள். கேட்டு வாங்கி வந்துவிட்டேன். 2004 முதல் 2019 வரை 31 நோட்டு வீட்டில் இருக்கின்றன. கொஞ்சம் கரையான் அரித்திருக்கிறது, படிக்கலாம். பார்ட்டி பெயரை மறைத்துவிட்டு யார் கேட்டாலும் கொடுக்கிறேன், காசு வேண்டாம். மாரியண்ணனுக்கு 71 வயது. வண்டி மிதிப்பதை நிறுத்திவிட்டார், ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு யானைகவுனிப் பக்கம் டீக்கடைக்கு வந்துவிடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டிக்கொண்டு நடந்தால் ஒவ்வொரு படியையும் சொல்வார். முழங்கால் வலி இருப்பதால் மழைக்காலம் தொடங்கும் முன் வந்தால் நல்லது. நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
அ. துரைக்கண்ணு,
பெரம்பூர், சென்னை – 11.